ஏழாம் எண் நாரை

ஜனவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அம்மாவும் நானும் குறை சொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறோம். அம்மா குறை சொல்வதை நிறுத்திவிட்டாள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உன் இருமல் எந்த நிலையில் இருக்கிறது? சதுப்பு நிலத்து ஈரம் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நீ அந்த வேலையில் சேருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பறவைப் பூங்காவின் நாரை விடுவிப்புக் குழுவில் என்னைச் சட்ட உறுப்பினராக நியமித்திருக்கிறார்கள். குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் தலைவர், நீர்நில ஆய்வாளர் ஒருவர், மூன்றாவது நான். காட்டு நாரை இரண்டு முட்டை இட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறுகிறது. ஆகவே இரண்டாவது முட்டையை எடுத்துவந்து, உங்கள் நிலையத்தில் பொரிக்க வைத்து, வளர்த்து, மீண்டும் சதுப்புக்கே அனுப்புவது திட்டம். முதல் தொகுதியில் ஒன்பது குஞ்சுகள். எவை திரும்பிப் போகத் தகுதியானவை, எவை பூங்காவில் மக்கள் பார்வைக்கு நிற்க வேண்டியவை என்பதை நாங்கள் மூவரும் முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஒன்பதையும் வளர்ப்பவள் என் உடன்பிறந்தவள் என்பதை உத்தரவு கிடைத்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவர் சிரித்தார். "அதனால என்ன சார், நாரை உங்களுக்கு மருமகனா ஆயிடப்போகுது?" என்றார். அவர் சிரித்தாலும் நான் எனக்கே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன். குழுவின் முடிவு வரும்வரை, நம் கடிதங்களில் எந்தத் தனிப் பறவையைப் பற்றியும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பொதுக் கொள்கையைப் பற்றி எழுதத் தடையில்லை.

உங்கள் நிலையத்தில் பேசக் கூடாது என்ற விதியை அம்மாவிடம் சொன்னேன். "அவளா? நாள் பூரா வாயை மூடிக்கிட்டா? எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்ச வேலை அது?" என்று மகிழ்ந்து போனாள்.

உன் நலம் விரும்பும்,
அண்ணன்

ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் இருக்கிறது, ஆனால் அடக்கமாக இருக்கிறது. இங்கே அதுவும் விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் போடுகிறீர்களா? உங்கள் முழங்கால் எப்படி?

உங்கள் நிபந்தனையை ஏற்கிறேன். வேலையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லலாம் அல்லவா? தலை முதல் முழங்கால் வரை வெள்ளை அங்கி, முகத்தில் வலைத்திரை. வலது கையில் நாரைத் தலை போலச் செய்த கைப்பொம்மை. அதன் அலகால் மீனைக் கவ்விக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். கண் திறந்ததும் எதைப் பார்க்கிறதோ, எந்தக் குரலைக் கேட்கிறதோ அதையே தன் இனம் என்று குஞ்சு எடுத்துக்கொள்ளும். மனிதனை இனமென்று நினைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மனிதனைத் தேடித்தான் போகும், நாரையோடு சேராது. அதனால்தான் நூறடிக்குள் ஒரு சொல் கூடாது. பெயரும் கூடாது, எண்தான். "பேர் வச்சா கூப்பிடத் தோணும், கூப்பிட்டா முடிஞ்சுது கதை" என்கிறார் மேற்பார்வையாளர். போனும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தீவன வண்டியில் வாரம் ஒருமுறை வரும் தபால்தான் எனக்கு வெளியுலகம்.

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. எந்த வகையில் என்று கேட்காதீர்கள், அது நிபந்தனைக்குள் வந்துவிடும்.

ஒரு பொதுக் கேள்வி. முட்டை எடுக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். ஒரு முட்டையை விட்டுவிட்டுத்தான் வந்தோம். இருந்தாலும் அந்தத் தாய் நாரை, படகு கண்ணுக்கு மறையும்வரை எங்களைப் பார்த்தபடியே நின்றது. நாங்கள் செய்தது காப்பாற்றலா, களவா? நீங்கள் சட்டம் படித்தவர், சொல்லுங்கள்.

பணிவன்புடன்,
அம்மாவின் வாயாடி

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

சொட்டு மருந்து வேளை தவறாமல் நடக்கிறது. என் முழங்காலைப் பற்றிய விசாரணை தேவையற்றது, அதன் நிலை மாறக்கூடியதல்ல.

உன் கேள்வியை ஒரு வாரம் யோசித்தேன். காட்டில் பிறந்த பறவையைப் பிடித்து, மற்றவர் பார்ப்பதற்காகக் கூண்டில் வைப்பது குற்றப்பத்திரிகை இல்லாத சிறை என்பது என் கருத்து. அதைப் பார்க்கும் குழந்தை நாளை காட்டைக் காக்கும் என்கிறார்கள். ஒருவேளை காக்கலாம். ஆனால், பிறர் நல்லவராக வேண்டும் என்பதற்காக ஒருவரைச் சிறையில் வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

திருப்பி அனுப்புவதற்காக வளர்ப்பது வேறு. அது மைனர் பிள்ளைக்குப் பாதுகாவலர் இருப்பதைப் போன்றது. பாதுகாவலரின் அதிகாரம் பிள்ளையின் நன்மைக்காக மட்டுமே. பிள்ளை தன் காலில் நிற்கும் நாளில் அது தானாக முடிந்துவிடும். முடியும் என்பதுதான் அதன் நியாயம். முடியாத பாதுகாப்புக்கும் சிறைக்கும் நான் வேறுபாடு காணவில்லை. ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. மைனருக்கு எந்த நாளில் வயது நிறைகிறது என்பதைச் சட்டமே சொல்லிவிடும். நாரைக்கு அதை நாங்கள் மூன்று பேர் சொல்ல வேண்டும்.

"இதையெல்லாம் அவகிட்ட எதுக்கு எழுதறே? மீனைக் குடுக்கறவளுக்குச் சட்டம் எதுக்கு?" என்று அம்மா கேட்கிறாள். கேட்டுவிட்டு, கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

உங்கள் பாதுகாவலர் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கற்பனை வழக்கு வைக்கிறேன். மைனர் பிள்ளை சாகக் கிடக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பாதுகாவலர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறார். பிள்ளை வாய் திறக்கிறது, பிழைத்தும்விடுகிறது. ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். நிறுத்தினால் பிள்ளை சாப்பிட மறுக்கிறது. இப்படியே இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்தச் செய்கையாலேயே பிள்ளை தன் காலில் நிற்க முடியாமல் போகலாம் என்று அவருக்குத் தெரியும். அவர் எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

பொதுக் கொள்கைதான் அண்ணா. பறவை எதுவும் இதில் இல்லை.

பதிலைச் சற்று நீளமாக எழுதுங்கள். போன கடிதம் போதவில்லை.

பணிவன்புடன்,
தங்கை

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பணி மிகுதியால் பதில் தாமதமாகிவிட்டது. அம்மா நலம். நானும் நலம்.

கற்பனை வழக்குகளில் கருத்துச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. விவரங்கள் முழுமையாக இல்லாதபோது சொல்லப்படும் கருத்து எவருக்கும் பயன்படாது. பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம்: ஒருவர் தம்மிடம் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. இந்தப் பொருளில் இனி நாம் எழுதிக்கொள்ளாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அம்மா சொன்னாள்: "அவ ஒரு பக்கம் எழுதினான்னா ஒம்போது பக்கத்தை முழுங்கியிருக்கான்னு அர்த்தம்." இதை அவள் கூற்றாக மட்டுமே தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். இருமல் நின்றுவிட்டது. அறைக் கூரை ஒரு மூலையில் ஒழுகியது, தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். குளத்து மோட்டார் பழுதாகி, நான்கு நாள் வாளியில் தண்ணீர் சுமந்தோம். வேறு எழுத ஒன்றுமில்லை.

வாயாடி என்று அம்மா கூப்பிட்டால், அந்தப் பெயரில் இங்கே ஆள் யாரும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

தங்கை

ஜூன் 15

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று உன்னை ஆறடி தூரத்தில் பார்த்தும் நலம் விசாரிக்க முடியவில்லை. ஆகவே இப்போது விசாரிக்கிறேன்: இளைத்துவிட்டாயா? அங்கிக்குள் யார் யார் என்று தெரியவில்லை. வலது தோளைச் சற்றுத் தூக்கி நடந்தவள் நீதான் என்று யூகித்தேன். எனக்குக் கொடுத்த அங்கி குட்டை. என் செருப்பைப் பார்த்து ஒரு நாரை பயந்தது நியாயமே.

குழு தன் பணியை முடித்தது. எடை, இறகு, இரை தேடும் திறன், ஒன்றோடொன்று பழகும் முறை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஒன்பதும் தகுதி என்று தலைவர் எழுதினார். மூவரும் கையெழுத்திட்டோம். ஜூலை 10 அன்று கூண்டுகள் திறக்கப்படும்.

கையெழுத்திடுமுன் எந்தத் தாளையும் முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது நீ அறிந்ததே. வேலியோரம் நின்று படிவத்தை அப்படிப் படித்துவிட்டேன். தலைவர் வலைத்திரைக்குள்ளிருந்து முறைத்தார். விதிமீறல் சிறிதே ஆனாலும் வருந்துகிறேன்.

உன் வளர்ப்பை எல்லோரும் பாராட்டினார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பாராட்டினவங்க அவளுக்கு ஒரு வாய் பேச விட்டாங்களா?" என்று கேட்டாள்.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஒன்று இல்லை. நீங்கள் முணுமுணுத்தபோது, குளத்தின் அந்தக் கோடியில் நின்ற ஏழாம் எண் தலையைத் தூக்கியது. மற்ற எட்டும் ஒதுங்கிப் போயின. ஏழு மட்டும் நேராக நடந்துவந்து உங்கள் முன்னால் நின்று, உங்கள் வாய் இருக்கும் இடத்தையே பார்த்தது. நீங்கள் படிப்பதை நிறுத்தியதும் அலகால் வேலியைத் தட்டியது, மேலே படி என்பதுபோல. தலைவர் அதைத் தற்செயல் என்று நினைத்திருக்கலாம். நீங்கள் நினைக்கவில்லை. உங்கள் பேனா நின்றதைப் பார்த்தேன்.

நிபந்தனையை இப்போது மீறுகிறேன்.

ஜனவரியில் ஏழு சாகக் கிடந்தது. பொம்மை அலகை எத்தனை முறை நீட்டினாலும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தீவன வண்டியில் உங்கள் கடிதம் வந்தது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாவதென்றால் ஒரு மனிதக் குரலாவது கேட்டுவிட்டுச் சாகட்டும் என்று தோன்றியது. எனக்கும் பத்து நாளாகப் பேச்சில்லை அண்ணா. எனக்காகப் படித்தேனா, அதற்காகப் படித்தேனா என்று இன்றும் பிரிக்கத் தெரியவில்லை. எந்தத் தனிப் பறவையைப் பற்றியும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று நீங்கள் எழுதிய இடத்தில் அது வாய் திறந்தது. மீனை விழுங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் படித்தேன். குற்றப்பத்திரிகை, பாதுகாவலர், மைனர் எல்லாம் அதற்குத் தெரியும். ஏப்ரல் கடிதம் எட்டு வரிதான். அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பேரேட்டில், 'பேச்சின்றி வளர்க்கப்பட்டது' என்ற இடத்தில் ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நான் படித்திருக்காவிட்டால் செத்திருக்கும். படித்ததால் அதற்கு விடுதலை இல்லை. ஜூலை 10 அன்று திறந்துவிட்டால், சதுப்பின் கரையில் முதலில் பேசுகிற மனிதனிடம் போய் நிற்கும். அவன் கையில் வலையா, துப்பாக்கியா என்று அதற்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் பூங்காவில் மக்கள் வேடிக்கை பார்க்கும் பார்வைக் குளம். நீங்கள் சொன்ன அதே சிறை. இரண்டில் எதற்கு அதை அனுப்புவேன்?

பதில் எழுதுங்கள். இந்த முறை நீளம் முக்கியமில்லை.

தங்கை

ஜூலை 1

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் மார்ச் 11 கடிதத்தை முதல் வாசிப்பிலேயே புரிந்துகொண்டேன். எந்தப் பறவை என்று தெரியவில்லை. ஒரு பறவை என்று தெரிந்தது. பதில் மூன்று வாரம் தாமதமானது பணி மிகுதியால் அல்ல. நாளை எவராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று பொய்யில்லாமல் சொல்லக்கூடிய இடத்தில் என்னை நிறுத்திக்கொள்ளப் பார்த்தேன். அதற்கான வாசகத்தைத் தேடித்தான் மூன்று வாரமும் போயின. ஜூன் 14 அன்று அந்தப் பறவை என் முன்னால் வந்து நின்றது. அப்போதும் கையெழுத்திட்டேன்.

நேற்றுத் தலைவரின் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், குழுவிலிருந்து விலகுவதாகவும் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், ஒம்போதுக்கு ஒம்போதுன்னு பத்திரிகைக்கே சொல்லியாச்சு. ஒரு நாரை உங்க முன்னாடி வந்து நின்னா என்ன இப்போ? எங்க வீட்டுக் காக்காகூடத்தான் வந்து நிக்குது."

"மார்ச் மாசமே எனக்குத் தெரியும்ங்க. தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"அதை நான் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவங்க சொல்லுவாங்க."

"வக்கீல் இல்லையா! பாதியை உள்ளயே வச்சுக்குவீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

நீ படித்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் வாக்குமூலம். நான் சொன்னால் அது உன்னிடமிருந்து பறித்ததாகும். ஜூலை 10க்கு முன் நீயே சொல்லிவிடு என்று கேட்டுக்கொள்கிறேன். பார்வைக் குளம் சிறைதான். ஆனால் அங்கே அது உயிரோடு இருக்கும். உயிரோடு இருப்பதை மட்டுமே பெரிதாகச் சொல்லும் வாதம் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. இன்று என்னிடம் வேறு வாதம் இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீ எழுதினதைக் கேட்டு ஒரு ஜீவன் சாப்பிட்டுதா? நம்ம வீட்ல ஒருத்தரும் சாப்பிட்டதில்லையேடா" என்றாள். உடனே அழுதாள்.

நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணன்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் தேறிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஜூலை 4 அன்று சொன்னேன். மேற்பார்வையாளர் பேரேட்டை மூடி வைத்துவிட்டு, "மார்ச்லயே சொல்லியிருந்தா பெரிய நாரைங்களோட சேர்த்து விட்டுப் பார்த்திருக்கலாம்மா. அந்த வயசுல மனசு மாறும். இப்ப வளர்ந்துடுச்சு" என்றார். மார்ச் என்று அவர் சொன்னபோது நான் உங்களை நினைக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

குஞ்சு வளர்ப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. கரைக்கு இந்தப் பக்கம் பூங்காவின் பார்வைக் குளத்தில் போட்டிருக்கிறார்கள், ஏழையும் என்னையும். இங்கே பேசலாம். நான்தான் பேசுவதில்லை. ஆனால் நாள் முழுக்க ஊரே பேசுகிறது. யார் பேசினாலும் ஏழு அவர் முன்னால் போய் நிற்கிறது. நேற்று ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "நீ ஒரு மனுஷனாய்யா?" என்று அவர் கத்த, அவர் முன்னால் ஏழு றெக்கையை விரித்துக் குதித்து ஆடியது. அது நாரை தன் இணைக்கு ஆடுகிற ஆட்டம் அண்ணா. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டேன்.

எட்டும் சதுப்பில் நன்றாக இருக்கின்றன. போன வாரம் குளத்துக்கு நேர் மேலே கூவிக்கொண்டே பறந்து போயின. குளத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள், குழந்தைகள் விரலால் எண்ணினார்கள். ஏழு மேலே பார்க்கவில்லை. மேலே பார்க்கிற எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் அதன் றெக்கை நுனியை மூட்டோடு வெட்டப்போகிறார்கள். குளத்துக்குக் கூரை இல்லை. கூரையில்லாத குளத்தில் நிற்கும் பறவைக்கு அதுதான் விதி. வலைக்கூரை போட்டால் பார்க்க நன்றாக இருக்காதாம். திறந்தே விட்டாலும் இது போகாது, அப்புறம் றெக்கை எதற்கு என்று கேட்கிறார்கள். பதில் உங்களிடம் இருக்கிறதா?

தங்கை

ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா நலம். என் முழங்கால் மோசம். இரண்டு நாளாகப் பூங்கா அலுவலகப் படிகளை ஏறி இறங்கியதுதான் காரணம்.

மார்ச்சைப் பற்றி நீ எழுதாமல் விட்டதைப் படித்துக்கொண்டேன். அது சரியானது. அதை நீ மாற்றி எழுத வேண்டியதில்லை.

நான் இப்போது குழுவில் இல்லாததால், எவர் சார்பாகவும் பேச எனக்குத் தடையில்லை. ஏழாம் எண் நாரையின் சார்பாக ஆட்சேபணை கொடுத்தேன். பூங்கா இயக்குநர் அதைப் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"அது பறக்கவே போறதில்ல சார். வெட்டினா அதுக்கு என்ன நஷ்டம்?"

"அது பறக்காம இருக்கறது நாம செஞ்சது. றெக்கை நாம செஞ்சது இல்லைங்க."

"இதுல சட்டம் எங்க இருக்கு?"

தாளைப் புரட்டினேன். பழக்கத்தால் புரட்டினேன். பிறகு மூடினேன். "இல்லைங்க" என்றேன். முப்பத்தொரு ஆண்டுகளில் இப்படி ஒரு பதிலை நான் எவரிடமும் சொன்னதில்லை. இயக்குநர் தலைவரைப் போனில் கூப்பிட்டார். தலைவர் அந்தப் பக்கத்திலிருந்து பேசியது எனக்கே கேட்டது: "விடுய்யா, மூணு மாசம் பாப்போம். வலையைப் போடு. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

ஆகவே நிலவரம் இது. மூன்று மாதத்துக்கு வெட்டு இல்லை. வலைக்கூரை வரும். காயம்பட்டுத் திரும்பப் போக முடியாத வயதான பெண் நாரை ஒன்று மருத்துவக் கூண்டில் இருக்கிறதாம். அதை ஏழோடு குளத்தில் விடுவார்கள். மக்கள் நிற்கும் இடத்தைக் குளத்திலிருந்து நாற்பதடி பின்னுக்குத் தள்ளுவார்கள். ஏழு மாறும் என்று மேற்பார்வையாளர் நம்பவில்லை. நானும் நம்புவதாக உனக்கு எழுதித் தர மாட்டேன். மூன்று மாதம் கழித்து மீண்டும் கேட்பார்கள். அப்போதும் என்னிடம் சட்டம் இருக்காது. படி ஏறுவேன்.

எட்டும் மறுபடி அந்தப் பக்கமாகப் பறந்து வரும்போது, நீ மேலே பார்க்காதே. அதைப் பார். அதன் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்தாலும் எனக்கு எழுது. உயராவிட்டாலும் எழுது.

அண்ணன்